ரெண்டு மருந்து சேர்ந்தால் ரெட்டைப் பலனா? எம்.எஸ். கேள்விகள், பதில்கள்

சென்ற இதழில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எல்லோரும் எம்.எஸ். என்கிறோம். உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்புப் படையே ஆள் அடையாளம் தெரியாமல், மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுகிற நோய். ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் இழுக்கும், ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இதோடு அதைச் சேர்த்துப் போடலாமா? மாலையில் ராயபுரம் கிளினிக்கில் உட்கார்ந்தால் தினமும் காதில் விழுகிற கேள்வியும் இதுவே. ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம், பேட்டை மட்டும் போதும்.

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. மூன்று வருஷமாக வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறோம். போன ஆடியில் கண் மங்கியது, தை மாதம் இடது கால் இழுத்தது. ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற்றலாம் என்கிறார் டாக்டர். எதற்கு நிறுத்த வேண்டும்? டி.பி.க்கு நாலு மருந்து சேர்த்துத்தானே கொடுக்கிறார்கள், வீட்டோடு இருக்கிற என் தம்பிக்கு அப்படித்தான் குணமானது. ஊசியையும் மாத்திரையையும் சேர்த்தே போட்டால் நோய் சீக்கிரம் அடங்காதா? (தண்டையார்பேட்டை)

பதில்: அம்மா, இது அசட்டுக் கேள்வி இல்லை. பெரிய பெரிய நரம்பியல் நிபுணர்களே இதைக் கேட்டு, நோயாளிகளை வைத்து வருஷக்கணக்கில் பரிசோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

முதலில் டி.பி. அங்கே எதிரி வெளியிலிருந்து வந்த கிருமி. ஒரே மருந்து கொடுத்தால் அதற்குத் தப்பிய கிருமி பெருகிவிடும் என்பதால், ஒன்றில் தப்பியதை இன்னொன்று பிடிக்கட்டும் என்று நாலு மருந்து. எம்.எஸ்.ஸில் வெளி எதிரி யாரும் இல்லை. நாம் அடக்கப் பார்ப்பது உடம்பின் சொந்தக் காவலை. ஒரு மருந்து அந்தக் காவலைக் கொஞ்சம் அடக்குகிறது, இன்னொன்று வேறு வழியில் அடக்குகிறது, இரண்டும் சேர்ந்தால் நோய் அடங்குகிறதோ இல்லையோ, காவல் இல்லாத வீடாக உடம்பு கிடக்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை. நாட்டலிசுமாப் என்று ஒரு மருந்து, ரத்தக் குழாயில் ஏற்றுவது. அமெரிக்காவில் 2004 நவம்பரில் அனுமதி கிடைத்தது. அதை இன்டர்ஃபெரானோடு சேர்த்துக் கொடுத்த பெரிய பரிசோதனையில், இன்டர்ஃபெரான் மட்டும் போட்டவர்களைவிட அட்டாக் (நோய் திடீரென்று மூண்டு எழுவதை அப்படித்தான் சொல்கிறோம்) குறைந்தது உண்மை. ஆனால் சேர்த்துப் போட்டவர்களில் இருவருக்கு பி.எம்.எல். என்கிற மூளைத் தொற்று வந்தது. நம்மில் பலர் உடம்பில் ஜே.சி. வைரஸ் என்று ஒன்று சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிறது. காவல் தளர்ந்ததும் அது மூளைக்குள் எழுந்துவிட்டது. 2005 பிப்ரவரியில், அதாவது மூன்றே மாதத்தில், மருந்தைக் கடையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 2006-ல் மறுபடி வந்தபோது தனியாக மட்டும் கொடுக்க வேண்டும் என்கிற நிபந்தனையோடு வந்தது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: பிறகு அந்த மருந்தைத் தனியாகப் போட்டவர்களில் சிலருக்கும் இந்தத் தொற்று வந்தது. அதனால்தான் இப்போது அந்த வைரஸுக்கு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் யாரும் ஆரம்பிப்பதில்லை.

சரி, வலுவான மருந்து வேண்டாம், சாதுவான இரண்டைச் சேர்த்தால்? அதையும் பார்த்தார்கள். இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் இரண்டுமே பல வருஷமாகப் புழங்குகிற ஊசிகள். 1008 பேரை வைத்து மூன்று வருஷம் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு அட்டாக் விஷயத்தில், கிளாட்டிராமர் மட்டும் போட்டவர்களைவிடக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. இரண்டு ஊசி, இரண்டு செலவு, இரண்டு மடங்கு தழும்பு, பலன் ஒன்றுதான்.

ஆகவே உங்கள் டாக்டர் சேர்க்காமல் மாற்றுவது சரியான வழி. இரண்டு வருஷத்துக்குள் இரண்டு அட்டாக் என்றால் இந்த ஊசி அவளுக்குப் போதவில்லை என்றுதான் அர்த்தம். போதாத மருந்துக்கு முட்டுக் கொடுக்காமல் வேறு மருந்து பார்ப்பதே நல்லது. ஒன்று மட்டும்: கால் இழுத்தபோது மூன்று நாளோ ஐந்து நாளோ தினம் 1 கிராம் மெதில்பிரெட்னிசோலோன் டிரிப் ஏற்றியிருப்பார்கள். அது அட்டாக்கைத் தணிக்கிற குறுகிய கால ஸ்டீராய்டு, ஊசியோடு சேர்ந்து போவது வழக்கமானதே. சர்க்கரை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், தம்பிக்கு டி.பி. இருந்தது, அவர் வீட்டோடு இருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதை டாக்டரிடம் சொன்னீர்களா? எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளில் சில, உள்ளே தூங்குகிற டி.பி.யை எழுப்பிவிடும். புது மருந்துக்கு முன்னால் மகளுக்கு அந்தப் பரிசோதனை அவசியம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த வரிதான்.

கேள்வி: வயது 43. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிற வேலை. கால் விறைப்புக்கு பேக்லோஃபென் மூன்று வேளை, ராத்திரிக்கு டிசானிடின். போன மாதம் நீர்க்கடுப்பு, லேசாகக் காய்ச்சல். தெருமுனை மெடிக்கலில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டேன். இரண்டாம் நாள் விடியற்காலை ஏலக் கூடத்தில் எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிட்டேன். காலும் துவண்டுவிட்டது. அட்டாக் என்று பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஸ்டீராய்டு டிரிப் போட வேண்டுமா? (காசிமேடு)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களைத் தள்ளியது எம்.எஸ். மாதிரித் தெரியவில்லை, அந்த இரண்டு மாத்திரையின் சேர்க்கை மாதிரித்தான் தெரிகிறது. டிசானிடினைக் கல்லீரலில் ஒரு நொதி உடைத்து வெளியேற்றுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். ராத்திரி போட்ட ஒரு மாத்திரை ரத்தத்தில் பத்து மாத்திரை போட்ட மாதிரி ஆகிவிடும். பத்து மடங்கு என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை, ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்த கணக்கு. ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கும், தூக்கம் அமுக்கும், எழுந்து நின்றால் விழ வேண்டியதுதான். இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது. அதே குடும்பத்து ஆன்டிபயாட்டிக் இன்னும் சிலதும் இப்படித்தான்.

இதில் கொடுமை என்னவென்றால் எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாது, அதனால் நீர்த் தொற்று அடிக்கடி வரும், நீர்த் தொற்றுக்கு நம் ஊரில் முதலில் கைக்கு வருவது இந்த மாத்திரை. மெடிக்கல்காரர் மேல் மட்டும் பழி போட மாட்டேன், அவரிடம் நீங்கள் டிசானிடினைப் பற்றிச் சொல்லவே இல்லையே. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தது அவர் தப்பு, கேட்டது உங்கள் தப்பு, ஆளுக்குப் பாதி.

அடுத்து நீங்கள் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் பயம். பேக்லோஃபெனை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் விறைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தபாலில் தனியாகவும் எழுதிவிட்டேன். உடனே உங்கள் நரம்பு டாக்டரைப் பாருங்கள். பழைய அளவிலேயே தொடங்குவதா, ஏற்றிக்கொண்டே போவதா என்பதை அவர் சொல்வார்.

டிரிப்? இப்போது வேண்டாம். காய்ச்சலும் தொற்றும் இருந்தால் பழைய அட்டாக்கின் சுவடெல்லாம் மேலே வரும், கால் துவளும், கண் மங்கும். அது புது அட்டாக் இல்லை, உடம்புச் சூடு தணிந்தால் அடங்கிவிடும். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றின கதை. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று கல்ச்சர் பார்த்துச் சரியான ஆன்டிபயாட்டிக். மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: எம்.எஸ்.ஸுக்கு வைட்டமின் டி நல்லது என்று படித்து தினம் ஒரு பாக்கெட் பாலில் கலந்து குடிக்கிறேன். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரையும் சேர்த்துக்கொண்டேன். வைட்டமின்தானே, கேட்க என்ன இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லவில்லை. (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 60,000 யூனிட் என்று போட்டிருந்தால் அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், கடைசியில் சிறுநீரகத்தில் கல் என்று இழுத்துக்கொண்டு போகும். இன்றே நிறுத்திவிட்டு கால்சியம் அளவு பாருங்கள்.

பயோட்டின் வேறு மாதிரித் தொந்தரவு. அது உடம்பைக் கெடுப்பதைவிட லேப் ரிப்போர்ட்டைக் கெடுக்கும். அதிக அளவில் எடுத்தால் சில லேப்களின் தைராய்டு பரிசோதனையில் இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். எம்.எஸ்.ஸுக்கே மருந்தாக தினம் 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை 2020-ல் பலன் இல்லை என்று முடிந்தது. முடிக்கு வேண்டுமானால் தோல் டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு எம்.எஸ்.ஸுக்காக ஃபிங்கோலிமோட் 0.5 மாத்திரை. பிபிக்கு அட்டெனலாலும் உண்டு, அதைக் கொடுத்தது வேறு டாக்டர். கையில் பணம் புரளாததால் நடுவில் மூன்று வாரம் ஃபிங்கோலிமோட் வாங்கவில்லை. சம்பளம் வந்ததும் வீட்டிலேயே மறுபடி ஆரம்பிக்கலாமா? (பெரம்பூர்)

பதில்: வீட்டில் ஆரம்பிக்காதீர்கள். இந்த மாத்திரையின் முதல் டோஸ் இதயத் துடிப்பை இறக்கிவிடும் குணமுடையது. அதனால்தான் முதல் நாள் மருத்துவமனையில் உட்கார வைத்து, முன்னும் பின்னும் இசிஜி எடுத்து, ஆறு மணி நேரம் மணிக்கொரு தடவை நாடி பார்த்திருப்பார்கள். அன்றைக்கு 'ஒரு மாத்திரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்று அலுத்துக்கொண்டிருப்பீர்கள். தினம் போட்டால் உடம்பு பழகிவிடும். முதல் மாதம் தாண்டிய பிறகு 14 நாளுக்கு மேல் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும், மறுபடி போடுவது முதல் டோஸுக்குச் சமம், மறுபடி அதே ஆறு மணி நேரக் கண்காணிப்பு வேண்டும்.

அட்டெனலாலும் துடிப்பை இறக்கும் மாத்திரைதான். இரண்டும் சேர்ந்து இறக்கினால் மயக்கம், சிலருக்கு அதற்கும் மேல். டில்டியாசெம், வெராபமில் போட்டாலும் இதே எச்சரிக்கை. துடிப்பைத் தொடாத பிபி மாத்திரைகள் உண்டு, மாற்ற முடியுமா என்று இரண்டு டாக்டரும் பேசிக்கொள்ள வேண்டும். நீங்களாக அட்டெனலாலை நிறுத்தவும் கூடாது, அதுவும் சட்டென்று விடக்கூடாத மாத்திரை. இவருடைய சீட்டை அவரிடம் காட்டுங்கள், அவருடையதை இவரிடம். நம் ஊரில் ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டர் சீட்டைக் காட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்று மறைக்கிற பழக்கம் இருக்கிறது. கோபித்தால் கோபிக்கட்டும், நீங்கள் காட்டுங்கள்.

பணம் பற்றி: ஃபிங்கோலிமோட் இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கிறார்கள், விலையில் கணிசமான வித்தியாசம் உண்டு, மலிவானதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் எம்.எஸ். இருக்கிறது, அடையாள அட்டைக்கு மனு போடலாம். எம்.எஸ். சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை உண்டு. மூன்று வாரம் சும்மா இருந்ததற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் சிலருக்கு நோய் முன்னைவிட வேகமாகத் திருப்பி அடிக்கும்.

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாதம். எம்.எஸ்.ஸுக்கு டெரிஃப்ளூனோமைட் சாப்பிடுகிறேன். பகலெல்லாம் அசதி என்று மொடாஃபினில் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை நிற்கும்வரை குழந்தை கூடாது என்று சொன்னதால் கருத்தடை மாத்திரையும் போடுகிறேன். மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. 'உடம்புக்குத் தெம்பு வரும், எதிர்ப்புச் சக்தி ஏறும்' என்று தினமும் சீந்தில் கஷாயம் வைத்துத் தருகிறார். இந்த மாதம் நாள் தள்ளிப் போயிருக்கிறது. (திருவொற்றியூர்)

பதில்: மகளே, கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். இதைப் படித்ததும் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், இன்றைக்கே.

காரணம் இதுதான். மொடாஃபினில் கருத்தடை மாத்திரையைச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளிவிடும். மாத்திரை தவறாமல் போட்டாலும் பாதுகாப்பு முழுசாக இருக்காது. மொடாஃபினிலை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் இதே நிலைமை. டெரிஃப்ளூனோமைட் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து, நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக சராசரியாக எட்டு மாதம், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். அசதிக்குக் கொடுத்தவர் கருத்தடையைப் பற்றிக் கேட்கவில்லை, கருத்தடை கொடுத்தவர் அசதியைப் பற்றிக் கேட்கவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள்.

பயந்து உட்கார வேண்டாம், வழி இருக்கிறது. கொலஸ்டிரமைன் என்கிற தூளையோ, மருந்தாகக் கொடுக்கும் கரித்தூளையோ 11 நாள் கொடுத்து டெரிஃப்ளூனோமைட்டை வேகமாக வெளியேற்றலாம், ரத்தத்தில் அளந்து உறுதியும் செய்யலாம். பரிசோதனை பாசிட்டிவ் என்றால் நரம்பு டாக்டர், மகப்பேறு டாக்டர் இருவரையும் தாமதிக்காமல் பாருங்கள். நெகட்டிவ் என்றாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை ஆணுறை.

சீந்திலுக்கு வருகிறேன். நான் நாட்டு மருந்துக்கு விரோதி இல்லை, என் பாட்டி வைத்த கஷாயத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் உங்கள் நோயே எதிர்ப்புச் சக்தி தடம் மாறியதால் வந்தது. அதை அடக்க காலையில் ஒரு மாத்திரை, ஏற்ற சாயங்காலம் ஒரு டம்ளர் கஷாயம் என்றால் என்ன கணக்கு? அதுபோக டெரிஃப்ளூனோமைட் கல்லீரலைச் சோதிக்கிற மருந்து. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் உங்களுக்கு இந்தச் சேர்க்கை வேண்டாம். மாமியாரிடம் 'டாக்டர் சொன்னார், கல்லீரல் டெஸ்ட் எடுக்கும்வரை கஷாயம் கூடாதாம்' என்று பழியை என் மேல் போடுங்கள். அவருக்கும் வருத்தம் இருக்காது.

கேள்வி: அத்தைக்கு 58 வயது, எம்.எஸ். வந்து இருபது வருஷம். கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின், தூக்கத்துக்கும் வலிக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்சிபியூட்டினின், விறைப்புக்கு பேக்லோஃபென். ஆறு மாதமாக அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார், பேச்சு தடுமாறுகிறது. நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். (மிண்ட்)

பதில்: எம்.எஸ். ஞாபகத்தைத் தொடும், உண்மைதான். ஆனாலும் அந்த முடிவுக்கு முன்னால் மாத்திரைப் பையைப் பாருங்கள். ஒரு தடவை ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்து என் மேசையில் கொட்டினார். பதினோரு வகை அட்டை. அதில் இரண்டு ஒரே மருந்து, கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. இரண்டையும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார்.

அத்தை சாப்பிடுவதில் அமிட்ரிப்டிலின், ஆக்சிபியூட்டினின் இரண்டும் ஒரே பக்க விளைவுக் கூட்டாளிகள்: வாய் வறளும், மலச்சிக்கல், சிறுநீர் கட்டும், முக்கியமாக ஞாபகம் மங்கும். ப்ரீகாபலினும் பேக்லோஃபெனும் தூக்கக் கலக்கம் தரும். நாலும் சேர்ந்தால் பால் பொங்குவது கண்ணில் படாது. இந்த ஆறு மாதத்துக்குள் புதிதாகச் சேர்த்தது எது, அளவு கூட்டியது எது என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்க டாக்டருக்கு அது போதும். வாசற்படியில் கைப்பிடி போடுங்கள், இந்தச் சேர்க்கையில் விழுந்து இடுப்பு உடைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நடை சீராக டால்ஃபாம்பிரிடின் 10 மில்லிகிராம் காலை, ராத்திரி போடுகிறேன். கத்திரி வெயிலில் கால் எழவே இல்லை. அந்த நாளில் இரண்டாகப் போட்டால்? அல்லது வேறு மாத்திரை சேர்க்கலாமா? (எண்ணூர்)

பதில்: சேர்க்க வேண்டியது மாத்திரை இல்லை, குளிர்ந்த தண்ணீர். மேலுறை அரிபட்ட நரம்பில் சூடு ஏறினால் சமிக்ஞை தடைப்படும், 1890-லேயே ஊத்தாஃப் என்கிற ஜெர்மன் கண் மருத்துவர் கவனித்து எழுதியது இது. ஈரத் துண்டு கழுத்தில், வெளி வேலை பத்து மணிக்குள், ஃபேனுக்கு எதிரே ஒரு மணி நேரம், கால் தானாக எழும். இந்த மாத்திரையை இரண்டாகப் போட்டால் வலிப்பு வரலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒன்றே அதிகம். இரண்டு வேளைக்கும் நடுவில் 12 மணி நேரம் வேண்டும். காலை வேளை மாத்திரையை மறந்துவிட்டால் ராத்திரி அதையும் சேர்த்துப் போடாதீர்கள், ராத்திரிக்கு உண்டானது ஒன்று மட்டும்.